இரை வைத்துக் கருங்கரடி வேட்டை: மெய்ன் காடுகளில் நடக்கும் விதம்

"டிரம் நிறையத் தின்பண்டத்தைக் கொட்டிவிட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்தால் கரடி தானே வந்து நிற்குமாமே? இதில் வேட்டை எங்கே இருக்கிறது? உண்மையில் எப்படித்தான் செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யும் விதத்தை முழுதாகச் சொன்னால் முதல் கேள்விக்கும் அதிலேயே பதில் வந்துவிடும். இந்த முறை நெடுங்காலமாக நடந்துவரும் மெய்ன் மாநிலத்தை வைத்துச் சொல்கிறேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலை அது. கருங்கரடிகள் 30,000 அளவில் உள்ளன. ஆண்டுதோறும் அங்கே வேட்டையாடப்படும் கரடிகளில் பெரும்பகுதி இரை வைத்த இடத்தில்தான் விழுகிறது. ஆனாலும் இரை வைத்து உட்காருபவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் கரடி கிடைக்கிறது.

தமிழில் படிப்பவர்களுக்காக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கரடி வேறு இனம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பது. இந்தியாவில் அதை வேட்டையாட வழியே கிடையாது. இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கக் கருங்கரடியைப் பற்றி, அதுவும் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் மட்டும்.

அந்த இடங்களும் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. கொலராடோவில் 1992இல், ஓரிகனில் 1994இல், வாஷிங்டன் மாநிலத்தில் 1996இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி இரை வைப்பதைத் தடை செய்தார்கள். மெய்னிலும் 2004, 2014 என இரண்டு முறை தடை கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. இரண்டிலும் தடை தோற்றது. மொன்டானாவில் அறவே கிடையாது. கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடியும் உள்ள பகுதியில் இரை வைத்தால் தின்ன வருவது எது என்று சொல்ல முடியாது. அலாஸ்கா, ஐடஹோ, விஸ்கான்சின், மின்னசோட்டா, கனடாவின் பல மாகாணங்கள் ஆகியவற்றில் உண்டு, ஆனால் விதி ஒவ்வொன்றிலும் வேறு.

மெய்னில் ஏன் இரை? காடு அப்படி. ஸ்புரூஸ், ஃபிர் மரங்கள் நெருக்கமாக வளர்ந்து, முப்பது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கரடிக்கு மூக்கும் காதும் கூர்மை. காய்ந்த சுள்ளியை மிதித்து நடந்துபோகும் மனிதன் அதைப் பார்ப்பதற்கு வெகு முன்பே அது அவனை அறிந்து விலகிவிடும். தற்செயலாகக் கண்ணில் பட்டாலும் புதருக்குள் நொடியில் மறையும் கருப்புதான் தெரியும். ஆணா பெண்ணா, குட்டி உண்டா என்று பார்க்க நேரம் இருக்காது. இரையின் உண்மையான பயன் கரடியை நிற்க வைப்பதுதான். நிற்கும் கரடியைப் பார்த்து, எடைபோட்டு, வேண்டாம் என்று விடவும் முடியும். அந்த நேரத்தைப் பயன்படுத்தாமல் முதலில் வந்ததைச் சுடுபவர் இந்த முறையின் ஒரே நியாயத்தையும் தூக்கி எறிகிறார் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது வேலைக்கு வருவோம். மெய்னில் கரடிப் பருவம் ஆகஸ்டின் கடைசித் திங்கட்கிழமை தொடங்குகிறது. இரை மேல் சுட முதல் நான்கு வாரம்தான் அனுமதி. இரை போடத் தொடங்குவது பருவத்துக்கு 30 நாள் முன்பிருந்து. ஆக, மொத்த வேலையில் பாதிக்கு மேல் துப்பாக்கியைத் தொடாமலே நடக்கிறது. நில உரிமையாளரின் அனுமதி கட்டாயம். வடக்கு மெய்னில் நிலம் பெரும்பாலும் மரக் கம்பெனிகளுடையது. இரை போடும் இடத்துக்குக் குத்தகைபோலக் கட்டணம் வாங்குவார்கள், நல்ல இடங்களை வேட்டை வழிகாட்டிகள் பல ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருப்பார்கள். வண்டி போகும் பாதையிலிருந்து குறைந்தது 50 கஜம் உள்ளே இருக்க வேண்டும். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்தும், முகாம் மைதானம், குப்பைக் கிடங்கு ஆகியவற்றிலிருந்தும் 500 கஜம் தள்ளி இருக்க வேண்டும். இரை போடுபவரின் பெயரும் முகவரியும் எழுதிய 2 அங்குலத்துக்கு 4 அங்குலச் சீட்டு அந்த இடத்தில் தெரியும்படி தொங்க வேண்டும். விதிப் புத்தகம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த ஆண்டுக்கானதை வாங்கிப் படித்த பிறகே வாளியைத் தூக்குங்கள்.

இடம் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. கரடி பகலில் எங்கே படுக்கிறதோ அதற்குப் பக்கத்தில் இரை இருந்தால்தான் வெளிச்சம் இருக்கும்போதே வரும். அடர்ந்த சீடார் சதுப்பு, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்டு இப்போது குத்துச்செடியாக அடைத்துக் கிடக்கும் காடு, இவற்றின் ஓரம் நல்லது. அருகே தண்ணீர் வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் கரடி ஓடைப் பக்கமே கிடக்கும். திறந்த வெளியில், பாதைக்கு வசதியாகப் போட்ட இரை தீரும்தான். ஆனால் நள்ளிரவில் தீரும். புதியவர்கள் செய்யும் முதல் தவறே இது: தனக்குச் சுமக்க எளிதான இடத்தைத் தேர்வு செய்வது.

டிரம் வழக்கமாக 55 காலன், அதாவது சுமார் 208 லிட்டர் இரும்பு டிரம். உணவுப் பொருள் வந்த டிரம்மாக இருக்க வேண்டும். ரசாயனமோ எஞ்சின் ஆயிலோ வந்ததைக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். கரடி அதை உள்ளும் புறமும் நக்கும், அந்த இறைச்சியைப் பிறகு நீங்கள் சாப்பிடுவீர்கள். இருபது சென்டிமீட்டருக்குக் குறையாத பருமனுள்ள உயிர் மரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். கட்டாமல் விட்ட டிரம்மை ஒரே இரவில் ஓடை வரை உருட்டிக்கொண்டு போய்விடும்.

டிரம்மில் போடும் ஓட்டையில் கவனம் தேவை. கையளவு, தலையளவு ஓட்டை போடுவது ஆபத்து. குட்டியின் தலை உள்ளே போய் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். இதனால்தான் மிச்சிகன் மாநிலத்தில் ஓட்டை 1 அங்குலத்துக்கு மேற்படாமலோ 22 அங்குலத்துக்குக் குறையாமலோ இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். மெய்னில் அப்படி இல்லாவிட்டாலும் அதைப் பின்பற்றுவதே சரி. வாய் முழுதும் திறந்த டிரம்மை வைத்து, மேலே பதினைந்து இருபது கிலோ மரக்கட்டைகளை நாலைந்து குறுக்கே அடுக்கிவிடுங்கள். ரக்கூனும் காக்கையும் அதை அசைக்க முடியாது. கரடி ஒரு கையால் தள்ளிவிடும். காலையில் கட்டை கீழே கிடந்தால் வந்தது கரடி என்று கேமரா இல்லாமலே தெரியும். விஸ்கான்சினில் இரும்பு, பிளாஸ்டிக் டிரம்மே கூடாது. குழியிலோ உள்ளீடற்ற மரத்துண்டிலோ போட்டு, மான் எட்டாதபடி கட்டையும் கல்லும் வைத்து மூட வேண்டும். ஒரு இடத்தில் 10 காலனுக்கு மேல் போடக் கூடாது, இறைச்சி, எலும்பு, தேன் எதுவும் கூடாது.

டிரம் நிற்கும் கோணமும் முக்கியம். கரடி தின்னும்போது அதன் விலாப் பக்கம் உங்கள் பரணைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் விழுந்த மரங்களைக் கவைபோலப் போட்டு, ஒரே வழியாக உள்ளே வரும்படி செய்துவிட்டால் அது குறுக்காக நின்றுதான் ஆக வேண்டும். செங்குத்தாக வைத்த டிரம் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் அகலம். இதுவே அளவுகோலும் ஆகிறது. நாலு காலில் நிற்கும் கரடியின் முதுகு டிரம்மின் மேல் விளிம்பை எட்டினால் அது பெரிய ஆண். டிரம்மைச் சுற்றி இரண்டு வளையங்கள் புடைத்திருக்கும். முதுகு மேல் வளையத்துக்குக் கீழே நின்றால் சின்னது அல்லது இளம் பெட்டை என்று விட்டுவிடலாம்.

என்ன போடுவது? பேக்கரியில் மிஞ்சிய ரொட்டி, டோனட், கேக், பாப்கார்ன், ஓட்ஸ், கிரனோலா, மொலாசஸ் பாகு. அடிப்படைக்கு மலிவான ரொட்டியும் ஓட்ஸும், மேலே இனிப்பு என்பது எல்லோருக்கும் கட்டுப்படியாகும். தொடக்கத்தில் இரண்டு வாளி, அதாவது 40 லிட்டர் போதும். எல்லாவற்றையும் உறையிலிருந்து பிரித்துப் போடுங்கள். பிளாஸ்டிக் உறையோடு போட்டால் அப்படியே விழுங்கிவிடும், எச்சத்தில் வெளிவரும், வராமல் குடலில் அடைக்கவும் கூடும். பூஞ்சை பிடித்த பண்டத்தைக் கரடி ஒதுக்கும். மழைக்கு நனைந்து புளித்ததை வாளியில் அள்ளி வெளியே கொண்டு வந்துவிட்டுப் புதிதைப் போட வேண்டும். அதன் மேலேயே கொட்டுவது சோம்பேறித்தனம், அந்த இடமே கெட்டுப்போகும்.

சாக்லேட் வேண்டவே வேண்டாம். கோகோவில் உள்ள தியோபுரோமின் கரடிக்கு நஞ்சு. 2014 செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் 90 பவுண்டு சாக்லேட்டும் டோனட்டும் போட்ட ஒரே இடத்தில் இரண்டு பெட்டைகளும் இரண்டு குட்டிகளும் செத்துக் கிடந்தன. அதன் பிறகு அந்த மாநிலம் இரையில் சாக்லேட்டைத் தடை செய்தது. மெய்னில் விற்கும் கலவை மூட்டைகளில் சாக்லேட் துண்டு இருக்கிறதா என்று கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஸைலிடால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாயும் கூடாது. நாயைக் கொல்லும் பொருள் அது, காட்டில் வேட்டை நாய்களும் அலைகின்றன.

வாசனைதான் கரடியை முதலில் வரவழைக்கும். பொரித்து முடிந்த எண்ணெயை உணவகங்களில் வாங்கி டிரம்மைச் சுற்றித் தரையில் ஐந்து லிட்டர் ஊற்றுவார்கள். கரடி அதை மிதித்துக்கொண்டு போகும். அதன் கால்தடமே மற்ற கரடிகளை டிரம் வரை கூட்டி வரும். சோம்பு வாசனை எண்ணெயை மரப்பட்டையில் தலைக்கு மேல் உயரத்தில் தடவினால் காற்று எடுத்துப் போகும். தேன் எரிப்பது இன்னொரு வழி. சிறிய தகரத்தில் ஒரு கோப்பைத் தேனை ஸ்பிரிட் அடுப்பில் வைத்துக் கொதித்துப் புகையவிட்டால் அந்தப் புகை பள்ளம் முழுதும் படியும். காய்ந்த இலை மேல் இதைச் செய்தால் காடு பற்றும். சுற்றிலும் மண் தெரியப் பெருக்கி, தண்ணீர் வைத்துக்கொண்டு, அணைந்த பிறகுதான் நகர வேண்டும். தீத்தடை அறிவித்த நாளில் அடுப்பைத் தொடவே கூடாது.

முதல் வாரம் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். கரடி பிடித்துக்கொண்ட பிறகு தினமும். நடுப்பகலில், ஒரே நேரத்தில், ஒரே வழியாக, ஒரே வண்டியில் போவது நல்லது. வாளி சத்தமும் வண்டி சத்தமும் கேட்டால் புது இரை வந்தது என்று கரடி கற்றுக்கொள்ளும். ஓரிரு வாரத்தில் நீங்கள் கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். டிரம் இரண்டு மூன்று நாள் காலியாகக் கிடந்தால் அந்தப் பழக்கம் உடைந்துவிடும். மறுபடி கூட்டி வருவதற்குப் பருவமே முடிந்துவிடும். மிகுதியாகக் கொட்டினாலும் கெடுதிதான். இரவு முழுக்கத் தின்னலாம் என்று தெரிந்தால் பெரிய ஆண் பகலில் வராது. ஒரு இரவில் தீரும் அளவுக்குச் சற்றே குறைவாகப் போடுவதுதான் திறமை.

இவ்வளவும் சரியாகச் செய்தும் கரடி வராமல் போகலாம். காரணம் காட்டிலேயே இருக்கும். இலையுதிர் காலத்தில் கரடி ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்று கொழுப்புச் சேர்க்கும். ராஸ்பெர்ரி, ப்ளூபெர்ரி, காட்டுச் செர்ரி, ஹேசல் கொட்டை நன்றாக விளைந்த ஆண்டில் டோனட்டை ஏறெடுத்தும் பாராது. பீச் கொட்டை மெய்னில் பெரும்பாலும் ஒரு ஆண்டு விட்டு ஒரு ஆண்டு கொழிக்கும். கொட்டை இல்லாத ஆண்டில் கரடி சீக்கிரமே குகை தேடிவிடும், ஆனால் அதுவரை இரையிடத்தில் நன்றாகக் கிடைக்கும். 1975இலிருந்து மெய்ன் வனவிலங்குத் துறை கரடிகளுக்கு ரேடியோ பட்டை கட்டிக் குகைகளில் குட்டி எண்ணி வருவதில் உணவுக்கும் குட்டிகளுக்கும் உள்ள இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

பரண் கட்டுவதைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். இரை போடத் தொடங்கும் அன்றே கட்டிவிட்டால் கரடிக்கு அதுவும் காட்டின் பகுதியாகிவிடும். வில்லுக்கு டிரம்மிலிருந்து 15 முதல் 18 மீட்டர், துப்பாக்கிக்கு 40 முதல் 60 மீட்டர். உயரம் ஐந்து மீட்டர் அளவில் போதும். இன்னும் மேலே போனால் அம்பு செங்குத்தாக இறங்கி ஒரு நுரையீரலை மட்டும் தொடும். இடுப்பு, தோள் பாதுகாப்புப் பட்டை கட்டாமல் ஏறாதீர்கள். இந்த வேட்டையில் கரடி கடித்துச் சாவதைவிடப் பரணிலிருந்து விழுந்து ஊனமாவதுதான் நிஜமான பயம்.

காற்றைப் பொறுத்தவரை, படுக்கும் சதுப்பிலிருந்து டிரம்முக்கு வரும் வழியில் உங்கள் வாடை போகக் கூடாது. பெரிய கரடி நேராக வராது. காற்றின் கீழ்ப்பக்கமாக ஒரு அரைவட்டம் போட்டு மோப்பம் பிடித்த பிறகே நெருங்கும். சாயங்காலம் காற்று அடங்கியதும் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கத் தொடங்கும். மதியம் சரியாக இருந்த பரண் ஏழு மணிக்குத் தவறாகிவிடுவது இதனால்தான். காற்று மாறிய நாளில் உட்காராமல் திரும்பிவிடுவதே லாபம்.

மூன்று மணிக்கு ஏறினால் சூரியன் மறைந்து அரை மணி வரை சட்டப்படி சுடலாம். பெரும்பாலும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் நடக்கும். அதுவரை கொசு, கருஈ. அடித்துக்கொண்டே இருந்தால் அந்த அசைவே காட்டிக்கொடுத்துவிடும், முகவலையும் கையுறையும் வேண்டும். காத்திருக்கும்போது அணிலையும் ஜே பறவையையும் கவனியுங்கள். டிரம்மைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்த அணில் சட்டென்று அடங்கினால் ஏதோ நிற்கிறது. கரடி நூறு கிலோ இருந்தாலும் சத்தமே இல்லாமல் வரும். திரும்பிப் பார்க்கும்போது அங்கே நின்றுகொண்டிருக்கும்.

இப்போதுதான் நான் மேலே சொன்ன பார்க்கும் நேரம். கரடி டிரம்மில் தலையை விட்டதும் துப்பாக்கியைத் தூக்காதீர்கள். காதைப் பாருங்கள். தலை உச்சியில் நெருக்கமாக, பெரிதாக நிமிர்ந்து நின்றால் இளசு. தலையின் இரு ஓரத்தில் விலகிச் சின்னதாகத் தெரிந்து, நெற்றி நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் முதிர்ந்த ஆண். காலைப் பாருங்கள்: வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே நிறைய இடைவெளி இருந்தால் சின்னது; வயிறு தாழ்ந்து கால் குட்டையாகத் தெரிந்தால் பெரியது. சின்னக் கரடி ஒரு வாய் கவ்விக்கொண்டு ஓடும், அடிக்கடி பின்னால் பார்க்கும். தின்றுகொண்டிருந்த சின்னது திடீரென்று ஓடினால் பெரியது வருகிறது என்று பொருள். சேற்றில் முன்னங்கால் தடம் கிடைத்தால் உள்ளங்கையின் அகலத்தை அங்குலத்தில் அளந்து ஒன்றைக் கூட்டுங்கள். ஐந்து அங்குலம் என்றால் தோல் ஏறக்குறைய ஆறு அடிக்கு வரும்.

தனியாக வந்தது பெட்டையாகத் தெரிந்தால் குறைந்தது பதினைந்து நிமிடம் பொறுங்கள். குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டுத் தாய் மட்டும் முதலில் வரும். ஜனவரியில் பிறந்த குட்டி ஆகஸ்டில் தனியாகப் பிழைப்பது கடினம். பல மாநிலங்களில் குட்டியோடு வந்த தாயைச் சுடுவது குற்றம். சட்டம் சொல்லாத இடத்திலும் சுடக் கூடாது.

சுடுவதென்றால் முழுக் குறுக்காக, அல்லது பின்பக்கம் சற்றே உங்களை நோக்கித் திரும்பிய நிலையில், இந்தப் பக்க முன்னங்கால் முன்னே எட்டு வைத்த நொடியில். தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவுக்கும் இடையே குறி. அடியில் தொங்கும் முடியை உடம்பென்று நினைத்துக் கணக்கிட்டால் குண்டு தாழ்ந்துவிடும். நேராக உங்களைப் பார்த்து நிற்கும் கரடியையோ, தலையையோ குறி வைக்காதீர்கள். .30-30, .308 போன்ற துப்பாக்கித் தோட்டா அளவுகள் இந்தத் தூரத்துக்குத் தாராளம். வில்லில் கூரான நிலைத்த பிளேடு முனையைப் பயன்படுத்துங்கள், இரு பக்கமும் துளைத்து வெளியே போக வேண்டும். கரடியின் கொழுப்பு துளையை அடைத்துவிடும், அடர்ந்த முடி ரத்தத்தை உறிஞ்சிவிடும். ஒரே துளை என்றால் தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் நூறு மீட்டர் போய் விழும்.

அடித்ததும் எந்த மரத்தைத் தாண்டி ஓடியது, கடைசியாக எங்கே சத்தம் கேட்டது என்று மனதில் குறித்துக்கொண்டு அரை மணி அப்படியே இருங்கள். நுரையீரலில் பட்ட கரடி பெரும்பாலும் ஒரு நீண்ட முனகலோடு உயிர் விடும், கேட்டால் தெரிந்துவிடும். கேட்காவிட்டால் தனியாக, இருட்டில், டார்ச்சை அடித்துக்கொண்டு புதருக்குள் நுழையாதீர்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போங்கள்.

அதற்காக விடியும்வரை விடவும் முடியாது. ஆகஸ்ட் வெப்பத்தில், தடித்த தோலும் கொழுப்பும் போர்த்திய உடம்பு உள்ளேயே வேகத் தொடங்கும். குடலை உடனே எடுத்து, சில மணி நேரத்தில் தோலை உரித்து, கால் பங்குகளாக வெட்டி ஐஸில் வைக்க வேண்டும். நல்ல கரடியைப் பிடித்துவிட்டு, வண்டியின் பின்னால் போட்டு ஊரைச் சுற்றிக் காட்டி இறைச்சியைக் கெடுத்துவிடுவது பெரும் பாவம். மெய்னில் 18 மணி நேரத்துக்குள் பதிவு நிலையத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். ஒரு சிறு பல்லும் எடுத்துக் கொடுக்க வேண்டும். பல்லின் வேரை வெட்டிப் பார்த்தால் மரத்துக்கு வளையம் இருப்பதுபோல ஆண்டு வரிகள் தெரியும், வயது கணக்கிட அது.

சமைக்கும்போது ட்ரைக்கினெல்லா என்ற புழுவை நினைவில் வையுங்கள். உறைய வைத்தால் செத்துவிடும் என்பது பன்றிக்கு ஓரளவு பொருந்தும். வடக்குக் கரடியில் இருக்கும் வகை குளிரைத் தாங்கும். 2022இல் ஒரு குடும்ப விருந்தில், 45 நாள் ஃப்ரீசரில் இருந்த கரடியின் (கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் வேட்டையாடியது) இறைச்சியைக் காய்களோடு சேர்த்துக் கெபாப் செய்தார்கள், விருந்தில் சாப்பிட்டவர்களில் ஆறு பேருக்கு நோய் வந்தது. அதில் இருவர் இறைச்சியைத் தொடவில்லை, கூடவே வெந்த காய்களை மட்டும் தின்றவர்கள். கரடி இறைச்சி இயல்பிலேயே கருஞ்சிவப்பு, வெந்ததா என்று கண்ணால் தெரியாது. வெப்பமானியைக் குத்தி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்ததா என்று பாருங்கள். மெதுவாக, குழம்பாக வேகவிடுவது இதற்கு நன்றாகப் பொருந்தும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையைக் காய்க்குப் பயன்படுத்தாதீர்கள்.

இரை வைக்கும் பருவம் முடிந்ததும் டிரம், சங்கிலி, கயிறு, மிச்சமுள்ள பண்டம், பெயர்ச்சீட்டு எல்லாவற்றையும் நவம்பர் 10க்குள் அள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டும். நான்கு வாரம் முடிந்த மறுநாளே எடுப்பது நல்லது. எண்ணெய் ஊறிய மேல்மண்ணைக் கிளறி இலையால் மூடிவிடுங்கள், பரண் ஆணிகளையும் பிடுங்குங்கள். நில உரிமையாளர் அடுத்த ஆண்டு அனுமதி தருவதும் தராததும் பெரும்பாலும் அந்த இடம் எப்படிக் கிடக்கிறது என்பதைப் பார்த்துத்தான்.